முழுச் சம்பளம் விழ வேண்டிய மாதம்

இந்த வளைகுடா நாட்டில் வருமான வரி கிடையாது என்று சொல்லித்தான், சம்பளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களையும் விமானம் ஏற்றியிருப்பார்கள். உண்மைதான். அதனால் சம்பளப் பிரிவில் வேலை சுலபம், கூட்டிப் போட்டு பேங்குக்கு அனுப்பினால் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் எம்.காம். சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படித்தான் அல் ஐனில் வந்து இறங்கினேன். அரசாங்கம் பிடிக்காத இடத்தில் மற்ற எல்லோரும் பிடிப்பார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மெஸ்ஸுக்குப் பிடிப்பார்கள். அட்வான்ஸுக்குப் பிடிப்பார்கள். தொலைந்த டிரில் மெஷினுக்கும் பிடிக்கச் சொல்லி சூப்பர்வைசர் காகிதம் அனுப்புவார். அது செல்லாது என்று நான் திருப்பி அனுப்புவேன்.

என் தங்கை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு அலுவலகத்தில் போய்த் தன் வரிப் பிடித்தத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். அங்கே அது ஒரு சடங்கு மாதிரி. நம் ஆட்கள் தங்கும் கேம்ப்பிலும் அந்தச் சடங்கு உண்டு. ஊரில் கல்யாணம் முடித்துத் திரும்புகிறவன், கையில் மருதாணி அழிவதற்குள் நம் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்து நிற்பான். மாற்றச் சொல்வது வரியை அல்ல, கல்யாண அட்வான்ஸின் மாதப் பிடித்தத்தை. பெரும்பாலானவர்கள் குறைக்கச் சொல்வார்கள். கூட்டச் சொல்லி வந்த ஒருவனைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில். ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிக்கல். கல்யாணம் செய்துகொள்ளும் ஊழியருக்கு வட்டியில்லாமல் அட்வான்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. இந்தப் பக்கத்தில் அது அபூர்வம். அதைக் கொண்டுவந்தவர் என் மேலாளர். பாலக்காட்டுக்காரர். நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவார், நம்மை விடக் குறைவாக ஆட்களை நம்புவார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எழுத்துப்பிழை கண்டுபிடித்து போன் செய்வார். அட்வான்ஸ் வாங்குகிறவனுக்கு நெடுநாள் சர்வீஸ் உள்ள இன்னொரு ஊழியர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் நிற்கலாம். வாங்கியவனின் பிடித்தம் ஒழுங்காக நடக்கும்வரை ஜாமீன்காரரை யாரும் தொட மாட்டார்கள். பிடித்தம் நின்றால், ஜாமீன்காரரின் செட்டில்மென்ட், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் மொத்தப் பணம், கம்பெனியிலேயே தங்கிவிடும்.

பெனடிக்ட் ஏசி டெக்னீஷியன். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன். கடலுக்குப் போகப் பயந்து ஐ.டி.ஐ. படித்தவன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். கல்யாணம் முடிந்து டூட்டிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் வந்தான்.

"மேடம், பிடித்தத்தைக் கூட்டிருங்க. எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவும்."

"எதுக்கு? எல்லாரும் குறைக்கத்தான் சொல்லுவாங்க."

"கடனை வச்சுக்கிட்டு குடும்பம் நடத்த எனக்குப் பிடிக்காது மேடம். அவ வர்றதுக்குள்ள தீத்துரணும்."

"சாப்பாடு?"

"குப்பூஸ் ரொட்டியும் தயிரும் இருக்கு. ரூம்ல ஒருத்தன் மீன் குழம்பு வைப்பான். திட்டிக்கிட்டே தருவான்."

சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவுக்குப் பிடித்தத்தை மாற்றினேன். கையெழுத்துப் போட்டான். கேம்ப்பில் அவனைப் பற்றி நல்ல பேச்சு. கடனை இழுத்தடிக்காத பையன், பொறுப்பான மாப்பிள்ளை. நம் ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய நேர்மை இது. இதில் என்ன ஆபத்து என்று அந்தக் கேம்ப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் மனைவி ஜெனிஃபா விசிட் விசாவில் வந்தாள். இங்கே வந்த பிறகு குடும்ப விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். வரும்போதே கர்ப்பம். அல் ஐனிலேயே முவைஜியில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில் தனி அறை பார்த்து, வாடகைப் பத்திரமும் எடுத்துவிட்டான். விசாப் படிவங்களை நிரப்பி அனுப்பும் டைப்பிங் சென்டரில் விண்ணப்பம் போட்டான். ஒப்பந்தத்தில் இருந்த சம்பளம், குடும்ப விசாவுக்குக் கேட்கும் குறைந்தபட்சத்தை விடக் கொஞ்சம் கூடுதல். எல்லாம் சரி.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போன உடுப்போடு, வியர்வை காயாமல் வந்து நின்றான். கூடவே ஜெனிஃபா. அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவன் நின்றுகொண்டே பேசினான்.

"மேடம், சம்பளம் பத்தாதுன்னு ஃபைலைத் திருப்பிட்டாங்க."

"உன் ஒப்பந்தத்துல சரியாத்தானே இருக்கு?"

"ஒப்பந்தத்துல இருக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்ல இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. பிடித்தம் போக பேங்கில் விழுந்த தொகை, குறைந்தபட்சத்துக்குக் கீழே. கவுன்டரில் இருந்த அதிகாரிக்கு அவன் கடனைச் சீக்கிரம் அடைக்கும் உத்தமன் என்று எப்படித் தெரியும்? குறைவாகப் பிடிக்கச் சொல்லி கடனை ஆண்டுக்கணக்கில் இழுக்கிறவனின் ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் கொழுத்து நிற்கும். அவனுக்கு விசா கிடைத்திருக்கும்.

"வேற வழியே இல்லன்னு சொல்லிட்டாங்களா?"

"அப்படிச் சொல்லல. அடுத்த சம்பளம் முழுசா விழணுமாம். முன்னாடி ஏன் குறைஞ்சுதுன்னு கம்பெனி லெட்டர் வேணுமாம். ரெண்டும் இருந்தா எடுத்துக்கிடுவாங்களாம்."

"அதுக்கு நேரம் இருக்கா?"

அவன் மனைவியைப் பார்த்தான். ஜெனிஃபா சொன்னாள். "சம்பளம் போட்டு நாலஞ்சு நாள்ல எனக்க விசிட் முடியுது மேடம். நீட்டுறதுக்கு வழியில்ல, முன்னமே நீட்டியாச்சு."

"ஊருக்குப் போயிட்டுத் திரும்ப..."

"போன வாரம் ரத்தம் பட்டுச்சு மேடம். பிளைட்ல ஏறக் கூடாதுன்னுட்டாங்க." அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "டாக்டர் போக வேண்டாங்கிறாரு. விசாக்காரங்க இருக்க வேண்டாங்கிறாங்க. நான் எங்க மேடம் நிக்கேது?"

விசா இல்லாமல் இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல், சிக்கலான பிரசவம், அதுவும் விசா முடிந்த நிலையில். நாள் ஏற ஏற அபராதம் வேறு. இதை அவளிடம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் என்னை விடத் தெளிவாக அறிந்திருந்தாள்.

அந்த மாதச் சம்பளக் கோப்பு மறுநாள் மதியம் பேங்குக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. அவர்களை அனுப்பிவிட்டு பெனடிக்டின் பிடித்தத்தை நிறுத்திப் பார்த்தேன். கணினி உடனே ஒரு சிவப்பு வரியைக் காட்டியது. ஜாமீன்காரரின் செட்டில்மென்ட் நிறுத்தப்படும்.

ஜாமீன்காரர் செல்லத்துரை. ராமநாதபுரத்துக்காரர், பிளம்பர். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போகிறார். அவருடைய செட்டில்மென்ட்டும் அதே கோப்பில், பெனடிக்டுக்கு இரண்டு வரி கீழே. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கேம்ப்பில் அவருடைய கட்டிலுக்கு ஆள் பேசியாகிவிட்டது.

ஆளனுப்பி வரவழைத்தேன்.

"என்னத்துக்கு மேடம் கூப்புட்டீக? கணக்குல எதுவும் குறையா?"

சொன்னேன். பெனடிக்டின் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேம்ப்பில் எதுவும் மறையாது. பணம் நிற்கும் என்பதுதான் தெரியாது. கேட்டதும் எழுந்துவிட்டார்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவன் அட்வான்ஸ் முடியிற வரைக்கும். திரும்பப் பிடிக்க ஆரம்பிச்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் முடியும்."

"அவெ பொண்டாட்டி இங்க வர்றதுக்கு எம் பொண்டாட்டி அங்க காத்துக் கெடக்கணுமா? நல்லாருக்கே நியாயம்! அவளும் கல்யாணம் முடிஞ்சதுலேருந்து காத்துக்கிட்டுத்தேன் இருக்கா, மேடம். மக காலேஜுக்குப் போயிட்டா."

"வேற யாராவது உங்களுக்குப் பதிலா நிப்பாங்களா?"

"சர்வீஸ் உள்ளவன் எல்லாம் ஏற்கெனவே எவனுக்காச்சும் நின்னுட்டான். புதுசா வந்த பயலுகளுக்கு செட்டில்மென்ட்டே கிடையாது, அவனுக நின்னு என்ன, உக்காந்து என்ன?" கதவு வரை போய்த் திரும்பினார். "அந்தப் புள்ளைய நெனச்சா பாவமாத்தேன் இருக்கு. ஆனா முடியாது மேடம். என்னயக் கெட்டவனாக்காதீக."

அவர் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு மொய் வைப்பது போல ஒரு கையெழுத்து வைத்தவர். அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு. இந்த மாதிரி நேரத்தில் உங்கள் மேசைக்குச் சுலபமான யோசனைகள் தாமாக வந்து உட்காரும். முதல் யோசனையை என் மேலாளரே கொண்டுவந்தார்.

"வசந்தா, இது சின்ன விஷயமாக்கும். பேங்குல முழுசாப் போடு. அவன் ஏடிஎம்ல எடுத்துக்கொண்டுவந்து பிடித்தத்தை நம்ம கையில் கொடுக்கட்டும். விசாவும் ஆச்சு, கம்பெனிக்கு நஷ்டமும் இல்லை, செல்லத்துரையும் போகலாம். கலாஸ், முடிஞ்சது."

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். பெனடிக்டிடம் சொன்னால் என் காலில் விழுந்து சம்மதித்திருப்பான்.

அல் ஐனுக்கு வரும் முன்பு ஷார்ஜாவில், முவைலாவில், ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன். அங்கேயும் இது ஒருவனுடைய வசதிக்காகத்தான் தொடங்கியது. அவனே கேட்டு, அவனே சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் இன்னும் சிலர். பிறகு ஒரு சம்பள நாளில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முனை ஏடிஎம் அருகே, கேம்ப்புக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் நிற்கிறான்; ஆட்கள் வரிசையாகப் பணத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு நகர்கிறார்கள். யாரிடமும் ரசீது இல்லை. யாருடைய முகத்திலும் கோபம்கூட இல்லை. பேங்க் பதிவில் எல்லோருக்கும் முழுச் சம்பளம், எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் குறை சொல்ல முடியாத சுத்தமான கோப்பு. அந்தக் கோப்பைத் தயாரித்தது நான். அந்த மாதத்தோடு அங்கிருந்து விலகிவிட்டேன்.

சம்பளத்தைப் போட்டுவிட்டுக் கையில் திருப்பி வாங்குவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அதை நீங்கள் படித்திருப்பீர்கள். அது கருணையின் வேஷத்தில்தான் முதலில் உள்ளே வரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் போட்டிருக்காது.

"முடியாது சார்," என்றேன்.

"பின்னே என்ன செய்யப் போறே?"

இன்னொரு வழி இருந்தது. அது எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஒரு தொழிலாளியின் செட்டில்மென்ட்டை இன்னொருவனுடைய கடனுக்காக நிறுத்திவைக்கக் கம்பெனிக்கு உரிமையே கிடையாது. செல்லத்துரை தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு புகார் கொடுத்தால் கம்பெனி மறுபேச்சில்லாமல் கொடுத்தாக வேண்டும். ஜாமீன் என்பது வெறும் பயமுறுத்தல். அதை எழுதி, முதலாளியின் மகனுக்கு அனுப்பினால் இரண்டு தொகையும் விடுபடும். கணக்குகளை இப்போது பார்ப்பது அவர்தான். அரபாப் என்று எல்லோரும் அழைக்கும் பெரிய முதலாளி, அவர் அப்பா, விருந்தினரோடு மஜ்லிஸில் உட்காருவதோடு சரி.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜாமீன் செல்லாதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அரபாப் முன்னாடி உக்காந்து, காவாக் காப்பி குடிச்சுக் குடிச்சு, அந்த ஜாமீனைக் காட்டித்தான் அட்வான்ஸுக்குச் சம்மதம் வாங்கினேன். செல்லாதுன்னு நீ எழுதினா, அவர் பையன் முதல்ல கேக்கப் போறது என்ன? 'அப்ப எந்தத் தைரியத்துல பணம் கொடுக்கறீங்க?' அவ்வளவுதான். அதோட நின்னுபோகும்."

"தெரியும் சார்."

"கேம்ப்ல இன்னும் கல்யாணம் ஆகாதவன் எத்தனை பேர் இருக்கான் தெரியுமா?"

"தெரியும் சார். சம்பளப் பட்டியல் என்கிட்டதான் இருக்கு."

"அவங்க எல்லாம் இனி வட்டிக்கு வாங்குவாங்க. கேம்ப் வாசல்லயே ஆள் இருக்கான், பாஸ்போர்ட் காப்பியும் ஏடிஎம் கார்டும் வாங்கி வச்சுக்கிட்டுக் கொடுப்பான்."

அதுவும் எனக்குத் தெரியும். எல்லா நடைமுறையும் தெரிந்தவர்களுக்கு உள்ள தண்டனை இதுதான். எந்தக் கதவைத் திறந்தால் எந்தக் கதவு மூடும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேனா என்று நினைவில்லை. ஒரு பக்கம் முகம் தெரிந்த ஒருத்தி, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு. இன்னொரு பக்கம் முகம் தெரியாத, இன்னும் பெண் பார்க்கவே போகாத ஒரு கூட்டம். கூட்டம் பெரியது, ஆகவே கூட்டத்தின் பக்கம் நில் என்றுதான் நாம் படித்த பாடம் சொல்லும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இன்னும் கால அவகாசம் இருந்தது. வேறு வழி தேடலாம், கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், சின்னதாகச் செய்யலாம். ஜெனிஃபாவால் எதைத் தள்ளிப்போட முடியும்? நான் முடிவெடுத்தது இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். இதை விடப் பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை.

காலையில் எழுதினேன். ஒரே பக்கம். சட்டம் இது, நம் வழக்கம் இது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெனடிக்டின் பிடித்தத்தைத் தற்காலிகமாக நிறுத்தலாம், செல்லத்துரையின் பணத்தை நிறுத்த முடியாது. மேலாளரின் கையெழுத்தும் வேண்டும். அவர் படித்தார். ஒரு இடத்தில் காற்புள்ளி வைத்தார். கையெழுத்துப் போட்டார்.

"இனிமே அட்வான்ஸ் கேட்டு வர்றவனுக்கு நீயே பதில் சொல்லிக்கோ. என்னைக் கூப்பிடாதே."

முதலாளியின் மகன் அபுதாபியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மெயில் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. அவருடைய செயலாளரை அழைத்தேன். "மீட்டிங், மேடம், மீட்டிங்." மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. பேங்குக்குக் கோப்பு போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே வரவேற்பறையில் பெனடிக்ட் ஒரு பக்கமும் செல்லத்துரை ஒரு பக்கமும் உட்கார்ந்திருப்பதாக ஆபீஸ் பையன் வந்து சொன்னான். ஒருவரோடு ஒருவர் பேசவில்லையாம். போன மாதம் வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

பதில் வந்தபோது ஒரே வரி. இரண்டையும் விடுவிக்கலாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஜாமீன் செல்லாதென்றால் இந்தத் திட்டம் எந்த அடிப்படையில் நடக்கிறது, விளக்கம் தேவை.

முதல் வரிக்கு வேலை செய்தேன். கோப்பை அனுப்பினேன். இரண்டாவது வரியை மேலாளர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

சம்பள நாள் காலையில் முதல் போன் பெனடிக்டிடமிருந்து. "மேடம், எல்லாருக்கும் விழுந்துட்டு. எனக்கு விழல." பேங்கை அழைத்தேன். கோப்பு போய்விட்டது, எந்தப் பிழையும் இல்லை என்றார்கள். மீண்டும் அவன். "விழல மேடம். அவ கேக்கா, நான் என்ன சொல்லேது?" அவன் கணக்கு எண்ணை எடுத்து, என் பட்டியலோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பார்த்து இன்னும் பயம் வந்தது, ஏனென்றால் திருத்த ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒரு குறுஞ்செய்தி. "விழுந்துட்டு மேடம். முழுசா." பேங்கில் ஏதோ தாமதமாம். அவர்களுக்கு அது தாமதம்.

நான் அடித்து வைத்திருந்த கம்பெனிக் கடிதத்தோடு அன்றே டைப்பிங் சென்டருக்கு ஓடினான். விசிட் முடிவதற்கு முந்தைய நாள் அனுமதி வந்தது. செல்லத்துரை அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது பெனடிக்டிடம் தன் பிரஷர் குக்கரைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஜெனிஃபாவுக்குக் குறை மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. கணக்குப் போடுவது என் தொழில் என்றாலும்.

குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு பெனடிக்ட் ஸ்வீட் டப்பாவோடு ஆபீசுக்கு வந்தான். கல்யாண அட்வான்ஸ் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பை அன்று காலையில்தான் போர்டில் ஒட்டியிருந்தோம். சைட்டிலிருந்து திரும்பியவர்கள் அதன் முன் கூடி நின்றார்கள். அவன் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே டப்பாவை நீட்டிக்கொண்டு நுழைந்தான்.

"எடுத்துக்கிடுங்க, எடுத்துக்கிடுங்க! பொம்பளப் பிள்ளை!"

அறிவிப்பைப் படித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அவன் தோளில் தட்டினார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. மேலாளர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"நீயும் எடு. எல்லாருமாச் சேர்ந்து விலை கொடுத்ததாக்கும்."

கூட்டத்திலிருந்து விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன், எலக்ட்ரீஷியன், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வந்தான். உதட்டு ஓரத்தில் லட்டுத் துகள்.

"மேடம், எனக்குத் தையில கல்யாணம். மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. இது இந்த மாசத்துலேர்ந்தா, இல்ல பொங்கலுக்கு அப்புறமா?"

"இந்த மாசத்துலேர்ந்து."

"யாராச்சும் கட்டாம ஏமாத்திட்டாங்களா மேடம்?"

"இல்லப்பா. எல்லாரும் ஒழுங்காத்தான் கட்டினாங்க."

"அப்புறம் ஏன்?"

பின்னால் பெனடிக்ட் போனில் குழந்தையின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். இவனும் கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தான். "ரொம்பச் சின்னதா இருக்கே மேடம்," என்றான். பதிலுக்காக மறுபடியும் என் பக்கம் திரும்பினான்.